கூலர் திரும்பியிருந்த பக்கம்

முதல் குண்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் பட்டது. ஜாசிப் அப்போது முற்றத்தில் குந்தியபடி தர்ப்பூசணி அறுத்துக்கொண்டிருந்தான். தெருப்பையன்கள் கல்லெறிகிறார்கள் என்று நினைத்துத் திட்டுவதற்காக வாயைத் திறந்தான். திறந்த வாயை மூடுவதற்குள் இரும்புக் கதவில் படபடவென்று ஓட்டைகள் விழுந்தன. கையில் கத்தியோடு அப்படியே குப்புற விழுந்தான். ஆகஸ்டு மாதத்துப் பஸ்ராவில் தொட்டித் தண்ணீர் எப்போதும் கொதிக்கிற பதத்தில்தான் இருக்கும். அது சுவரில் வழிந்து வந்து அவன் முதுகில் ஊற்றியது. சுட்டது, நகரவில்லை. சமையலறையில் கண்ணாடி நொறுங்கியது, அடுத்து அவன் மனைவி ஃபக்ரியா அலறினாள். அந்த அலறலைக் கேட்டும் அவன் நகரவில்லை. அதை நினைத்து அன்று சாயங்காலம் முழுக்க அவனுக்கு உடம்பு கூசிக்கொண்டே இருந்தது.

வந்தவர்களுக்குக் கொல்லும் எண்ணம் இல்லை. கொல்வதாக இருந்தால் கதவைத் தட்டி, பெயர் சொல்லிக் கூப்பிட்டே கொன்றிருப்பார்கள். இது முன்னறிவிப்பு. எங்கள் குலத்துக்கும் உன் குலத்துக்கும் நடுவில் ஒரு சாவு கிடக்கிறது, பெரியவர்களை அனுப்பு, இல்லாவிட்டால் அடுத்த தடவை கொஞ்சம் தாழ்த்திச் சுடுவோம் என்று அர்த்தம். சுட்டு முடித்ததும் ஒருவன் பெயின்ட் டப்பாவோடு இறங்கி வந்து வெளிச்சுவரில் எழுதினான். இரத்தப்பழி பாக்கி. கீழே ஜாசிப்பின் பெயர். அவசரமே படவில்லை அந்த மனுஷன். பெயரில் ஒரு புள்ளியை மறந்துவிட்டு வண்டி வரை போனவன், திரும்பி வந்து அதையும் வைத்துவிட்டுப் போனான்.

ஃபக்ரியாவின் கன்னத்தில் கண்ணாடிச் சில்லு குத்தி நின்றது. ரிப்பேர்க் கடைக்கு எடுத்துப்போகும் பையில் இருந்த சின்ன இடுக்கியை எடுத்து வந்தான் ஜாசிப். போர்டில் கடுகளவு சாமானைப் பிடித்துத் தூக்குகிற கை அது, நடுங்கினால் பிழைப்பு போய்விடும். இப்போது சில்லு இரண்டு தடவை இடுக்கியிலிருந்து நழுவியது.

"அழாத ஃபக்ரியா. ஒண்ணும் இல்ல, வந்துருச்சு."

"நான் எங்க அழறேன்? நீங்கதான் அழறீங்க," என்றாள் அவள். "சில்லை எடுங்க மொதல்ல."

காரணம் அவனுக்குத் தெரியும். காலையிலேயே சந்தையில் காதில் விழுந்துவிட்டது. ஹாஜி மிஸ்ஹர் இறந்துபோயிருந்தார். நுரையீரல் கெட்டு இரண்டு வருடமாகப் படுக்கையில் இருந்தவர். மூக்கில் குழாய், பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின். அரசு கரண்டு போனால் தெருவுக்குப் பொதுவான ஜெனரேட்டரின் கரண்டு வரும். அது வரும்வரை மெஷினை ஓட்டுவதற்கு ஓர் இன்வெர்ட்டர். அந்த இன்வெர்ட்டரைப் பிரித்து, பழைய டிரான்சிஸ்டர்களை எல்லாம் பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போட்டுக் கொடுத்தவன் ஜாசிப். போன செவ்வாய்க்கிழமை நடுப்பகலில் கரண்டு போனது. ஜெனரேட்டர்க்காரன் எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தான். இன்வெர்ட்டர் சுமையைத் தூக்கியது, கொஞ்ச நேரம் ஓடியது, வெடித்தது. வீடெல்லாம் புகை. வீட்டில் மருமகள் மட்டும். மகன் லஃப்தா துறைமுகத்திலிருந்து பறந்தடித்து வந்தபோது கிழவரின் உதடு நாவற்பழ நிறத்துக்குப் போயிருந்தது.

புனித நகரமான நஜஃபில் அடக்கம் செய்த இடத்திலேயே லஃப்தா தலைத்துணிமேல் அணிகிற தன் கறுப்புத் தலைக்கயிற்றைக் கழற்றி வீசினானாம். அப்பனுக்குப் பழி தீர்க்காமல் இதைத் திரும்பத் தலையில் வைக்கமாட்டேன், புனிதர் அப்பாஸ் மேல் ஆணை என்றானாம். எல்லாருக்கும் தெரியும் லஃப்தாவை. மீன்பிடிப் படகுத் தகராறில் ஒருத்தனின் தாடையைச் சுத்தியலால் உடைத்தவன். சொன்னால் செய்கிற ஜாதி.

ஜாசிப்பை வாட்டியது குண்டுகூட இல்லை. தப்பு தன்னுடையதாக இருக்குமோ என்ற சந்தேகம்தான். அஷார் சந்தையில் கிடைக்கிற டிரான்சிஸ்டருக்கு யார் உத்தரவாதம்? எங்கிருந்தோ வந்த குப்பைப் போர்டுகளிலிருந்து பிடுங்கி, பழைய எழுத்தைச் சுரண்டி, பெரிய பெரிய எண்ணாகப் புதிதாக அச்சடித்து விற்கிறார்கள். தட்டிப் பார்த்தோ முகர்ந்து பார்த்தோ கண்டுபிடிக்க முடியாது. சுமை ஏற்றினால்தான் சாயம் வெளுக்கும். அன்றைக்குக் கடையில் கூட்டம் வேறு. சூட்டை அலுமினியத்துக்குக் கடத்துகிற வெள்ளைப் பசையை ஒழுங்காகத் தடவினோமா, திருகை இறுக்கினோமா? இறுக்கினோம் என்றுதான் கை சொன்னது. மனசு கேட்கவில்லை. ஒரு மனிதனின் மூச்சை என் அவசரம் நிறுத்திவிட்டதா என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டே இருந்தான்.

தம்பி சப்தி வந்து சுவர் எழுத்தைப் பார்த்தான், அண்ணியின் கன்னத்தைப் பார்த்தான். பீரோவுக்கு மேலே கையை விட்டுத் துப்பாக்கியை எடுத்தான்.

"வெய்யிடா அத."

"நீ சும்மா இருண்ணே. பொம்பள முகத்துல ரத்தம் வர வெச்சுட்டுப் போயிருக்கானுங்க. அவனுங்க வீட்டு வாசல்ல ஒருத்தனாவது விழணும்."

"தப்பு நம்ம பக்கம் இருந்தா?"

"இருந்தா என்ன? கெழவனுக்கு எம்பது வயசு. மூச்சே கடன்ல ஓடிக்கிட்டிருந்துச்சு. நீ இன்வெர்ட்டர் ரிப்பேர் பண்றவனா, இல்ல சாவுக்கு ஜாமீன் போட்டவனா?"

ஜாசிப் அவன் மேல் பாய்ந்தான். அண்ணனும் தம்பியும் முற்றத்துச் சேற்றில், சிதறிய தர்ப்பூசணிமேல் கட்டிப் புரண்டார்கள். சப்தியின் முழங்கை ஜாசிப்பின் மூக்கில் இடித்து ரத்தம் கொட்டியது. கடைசியில் ஃபக்ரியாதான் கன்னத்துக் கட்டோடு வந்து, துப்பாக்கியை எடுத்துத் தன் மடிக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். "இப்ப எடுங்கடா பாப்போம்," என்றாள்.

பெரியவர்கள் சமரசத்துக்கு நடந்தார்கள். சையித் நிஃமா நபி வம்சத்தவர் அணியும் கறுப்புத் தலைப்பாகையோடு இரு பக்கமும் போய்வந்து சில நாள் சண்டை நிறுத்தம் வாங்கினார். ஒரு நிபந்தனையும் வைத்தார். வெடித்த பெட்டியைச் சபையில் எல்லார் கண்முன்னும் பிரிக்கவேண்டும். தப்பு வேலையில் என்றால் ஜாசிப் ரத்தத்துக்குப் பதில் சொல்வான், அந்தப் பதில் என்ன என்பதை லஃப்தாதான் சொல்வான். தப்பு வேலையில் இல்லை என்றால் லஃப்தா தலைக்கயிற்றை எடுத்து அணிந்துகொள்ளவேண்டும், அதோடு முடிந்தது.

லஃப்தா வீட்டை ஒட்டியே இருந்தது அவர்கள் குலத்து மண்டபம். நடுவில் ஒரு சின்னக் கதவு. ஆயுதங்களை எல்லாரும் வண்டியிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்தார்கள். சுவரோரம் மெத்தைகளில் இரு பக்கத்து ஆண்களும் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யார் முகத்தையும் நேரே பார்க்கவில்லை. சையித் நிஃமாவுக்குக் கசப்புக் காப்பி வந்தது. அவர் கோப்பையை வாங்கித் தரையில் வைத்தார். கேட்டு வந்தது கிடைக்கும்வரை குடிக்கமாட்டார். லஃப்தா எதிரில் வெறுந்தலையோடு உட்கார்ந்திருந்தான். நெற்றியில் தலைக்கயிறு அழுத்திய தடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது.

"திருடனே வந்து களவைக் கண்டுபிடிக்கப் போறானா, சையிதய்யா?"

"நீ அவன் கையைப் பாத்துக்கிட்டே இரு," என்றார் சையித். "பிரி உஸ்தா," என்றார் ஜாசிப்பிடம், கைவேலைக்காரனுக்கு உரிய மரியாதையோடு.

ஜாசிப் முழங்காலிட்டு உட்கார்ந்தான். உதவிக்கு வருவதுபோல லஃப்தாவின் ஆள் ஒருவன் அவன் பின்னாலேயே வந்து நின்றான். மூச்சு பிடரியில் பட்டது. ஜாசிப் இன்வெர்ட்டரின் திருகுகளைக் கழற்றினான், கரிந்த மூடியைத் தூக்கினான். கருகிய நாற்றம் மண்டபம் முழுக்கப் பரவியது. இரண்டு வரிசையில் ஒரு வரிசை டிரான்சிஸ்டர்கள் முகம் பிளந்து, கால் மட்டும் மிச்சமாக நின்றன. பிழைத்திருந்த வரிசையில் ஒன்றைக் கழற்றி அடியைப் பார்த்தான். வெள்ளைப் பசை சீராக, மெல்லிசாக இருந்தது. திருகுகள் இறுக்கமாகத்தான் இருந்தன. பிறகு அலுமினியத் துண்டைத் திருப்பினான். அதன் பற்களுக்கு நடுவே காற்று போகவேண்டிய சந்தெல்லாம் வெள்ளையாக, கெட்டியாக, பழைய கெட்டிலின் அடியில் படிவதுபோல அடைத்திருந்தது. விசிறியின் இறக்கைகளிலும் அதே வெள்ளை. விசிறி சுற்றவே இல்லை. விரலால் சுரண்டி நாக்கில் வைத்தான்.

உப்பு.

ஐயோ, அந்தச் சந்தோஷத்தை என்னவென்று சொல்வது! நான் இல்லை, நான் கொல்லவில்லை! உடம்பிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வாய் தானாகத் திறந்துகொண்டது. தொழிலைப் பற்றி யாராவது கேட்டுவிட்டால் நிறுத்தத் தெரியாத ஆள் அவன், அதுதான் அவனுடைய வியாதி.

"சையிதய்யா, இதப் பாருங்க. உப்பு! இந்த டிரான்சிஸ்டர் ஒரு கதவு மாதிரி. ஒரு நொடிக்குள்ள ஆயிரக்கணக்கான தடவ தொறந்து மூடும். மூடியிருந்தா சூடு இல்ல. நல்லாத் தொறந்திருந்தா கொஞ்சம் சூடு. பாதி தொறந்து பாதி மூடுற அந்தக் கண்ணிமைக்கிற நேரம் இருக்கே, அப்பத்தான் வேகும். அந்தச் சூட்ட அலுமினியம் வாங்கணும், அதுகிட்டேருந்து காத்து வாங்கணும். காத்துக்கு வழி இல்லேன்னா சூடு உள்ளயே நிக்கும். சூடு ஏறினா கரண்டு போறதுக்கு எடைஞ்சல் கூடும். எடைஞ்சல் கூடினா இன்னும் சூடு ஏறும். அப்படியே ஏறி ஏறி ஒண்ணு செத்துரும். சும்மா சாகாது, தொறந்த வாக்குலயே சாகும். அப்புறம் பேட்டரி கரண்டு மொத்தமும் அது வழியா பாஞ்சு பக்கத்துல இருக்குறதையும் இழுத்துக்கிட்டுப் போயிரும். வெடிச்சது அப்படித்தான். என் வேலையில பழுது இல்ல. குழாய்த் தண்ணி உப்பு, நம்ம ஊர்ல யாருக்குத் தெரியாது? தண்ணிக் கூலர் காத்து நேரா இது மேல அடிச்சிருக்கு. கோடை முழுக்க அடிச்சிருக்கு. ஈரம் காஞ்சு காஞ்சு உப்பு படிஞ்சிருக்கு."

"கேட்டீங்கல்ல!" என்று சப்தி தொடையைத் தட்டினான். "எங்கண்ணன் கை சுத்தம்!"

மண்டபத்தில் சலசலப்பு. லஃப்தா பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கூலர் எங்கப்பா கட்டிலுக்குத்தான் இருந்துச்சு," என்றான் மெதுவாக. "நான் வாங்கி வெச்சது. அவரப் பாத்து வெச்சது. அது எப்படி இது மேல அடிக்கும்?"

வீட்டுப்பக்கத்துச் சின்னக் கதவைத் திரும்பிப் பார்த்தான்.

"பகல்ல நான் வீட்டுல இல்ல. திருப்பி வெச்சது யாரு?"

கேட்டவனுக்கே பதில் தெரிந்திருந்தது. அது அவன் முகத்தில் ஏறுவதை ஜாசிப் பார்த்தான். அப்போதுதான் ஜாசிப்புக்கு அந்த ஜூன் மாதத்து மத்தியானம் நினைவுக்கு வந்தது. பெட்டியை மாட்டிவிட்டுக் கிளம்பும்போது கிழவரின் மருமகள், லஃப்தாவின் மனைவி வஃபியா கதவு மறைவில் நின்று கேட்டாள்: "உஸ்தா, இத எப்படிப் பாத்துக்கணும்?" அவள் மணிக்கட்டில் மாவுக்கட்டு இருந்தது. விழுந்துவிட்டேன் என்றாள். அவன் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல, வியர்வையைத் துடைத்துக்கொண்டே விளையாட்டாகச் சொன்னான்: "வேற ஒண்ணும் வேணாம் சகோதரி. சூடாகாமப் பாத்துக்கோங்க. குளுகுளுன்னு வெச்சுக்கோங்க, நூறு வருஷம் ஓடும்." இந்த ஊரில் குளுகுளுவென்று வைப்பதற்கு ஓர் ஏழைப் பெண்ணிடம் வேறு என்ன இருக்கிறது, தண்ணிக் கூலரைத் தவிர? அவள் சொன்னபடியே செய்திருக்கிறாள்.

லஃப்தா எழுந்தான். மடியிலிருந்து தலைக்கயிற்றை எடுத்து நிதானமாகத் தலையில் வைத்துச் சரிசெய்தான்.

"சையிதய்யா, உங்க பேச்சு ஜெயிச்சுருச்சு. உஸ்தா மேல எங்களுக்கு ஒண்ணும் இல்ல. காப்பியக் குடிங்க. மிச்சம் என் வீட்டு விஷயம்."

சையித் நிஃமா கோப்பையை எடுத்தார். ஒரு கணம் அதைக் கையிலேயே வைத்திருந்தார். பிறகு குடித்தார். அவர் குடித்ததைப் பார்த்து எல்லாரும் குடித்தார்கள். இரண்டு குலங்களுக்கு நடுவில் இருந்தால்தான் சபைக்கு வேலை. ஒருத்தன் வீட்டு வாசலுக்கு உள்ளே நடப்பது சபைக்குக் கிடையாது. லஃப்தா சின்னக் கதவைத் திறந்துகொண்டு போனான், கதவு அவன் பின்னால் சாத்திக்கொண்டது.

சப்தி அண்ணனின் கையைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்தான். "வா, வண்டியில ஏறு. தப்பிச்சோம்ணே. அண்ணி ஆட்டுக்கறி வாங்கி வெச்சிருக்கும்."

ஜாசிப் வண்டியில் ஏறி உட்கார்ந்தான். கதவைச் சாத்தினான். சப்தி சாவியைப் போட்டான். அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. அலறல்கூட இல்லை, அடி விழுந்ததும் நெஞ்சிலிருந்து வெளியே தள்ளப்படுகிற மூச்சு. மறுபடியும் ஒன்று. தெருவில் நின்ற ஆண்கள் எல்லாரும் தங்கள் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஜாசிப்பும் தன் செருப்பைப் பார்த்தான். வேற்று ஆண் ஒருவன் இன்னொருவன் வீட்டுப் பெண்கள் பக்கம் காலை வைத்தால், சுட்டுப் போட்டாலும் ஏன் என்று கேட்கிற சபை பஸ்ராவில் இல்லை. இப்போதுதான் திரும்பக் கையில் வாங்கிய தன் உயிர். அது இன்னும் சூடாக இருந்தது.

மூன்றாவது அடி விழுந்தது.

"அண்ணே! எங்க போற? அண்ணே, உனக்குப் பைத்தியமா!"

மண்டபத்துக்குள் ஓடி, காப்பிக் கோப்பைகளை மிதித்துக்கொண்டு, அந்தச் சின்னக் கதவைத் தோளால் இடித்துத் திறந்தான் ஜாசிப். உள்ளே கிழவரின் அறை. வஃபியா தரையில் கிடந்தாள். லஃப்தா அவள் கூந்தலை ஒரு கையில் சுற்றிப் பிடித்திருந்தான், இன்னொரு கையில் கைத்துப்பாக்கி. அதன் பிடியால்தான் அடித்துக்கொண்டிருந்தான். அவள் காதோரம் கிழிந்து ரத்தம் கழுத்தில் இறங்கியது.

"நான்தான் சொன்னேன்!" என்று கத்தினான் ஜாசிப். "குளுகுளுன்னு வெச்சுக்கச் சொன்னது நான்தான்! அவங்க மேல தப்பில்ல, என் மேல போடு!"

"என் பொண்டாட்டி இருக்குற அறைக்குள்ள கால வெச்சுட்டியா, நாயே?"

துப்பாக்கிப் பிடி ஜாசிப்பின் வாயில் இறங்கியது. இரண்டு பல் உடைந்து நாக்கில் புரண்டன. அவன் விழவில்லை, லஃப்தாவின் இடுப்பைக் கட்டிப் பிடித்துத் தள்ளினான். இருவரும் கிழவரின் காலிக் கட்டிலில் மோதி அதன்மேலேயே விழுந்தார்கள். ஜாசிப் கீழே, லஃப்தா மேலே. முழங்கால் நெஞ்சில் ஏறியது. துப்பாக்கியின் முனை உதட்டைப் பிளந்துகொண்டு உடைந்த பல்லின்மேல் வந்து நின்றது. அந்த வலியில் ஜாசிப்புக்குக் கண் இருட்டியது. விசை இழுபடப்போகிறது என்று தெரிந்தது. ஃபக்ரியா, என்று நினைத்தான், அதற்குமேல் ஒன்றும் நினைக்க வரவில்லை.

"மாமாதான் திருப்பச் சொன்னாரு," என்றாள் வஃபியா.

தரையில் கிடந்தபடியே, அழாமல் சொன்னாள். அழுவதற்கு அவளுக்கு மூச்சு போதவில்லை.

"பொய். செத்தவர் பேரச் சொல்லிப் பொய் சொல்ற."

"உஸ்தா சொன்னத அவர் காதால கேட்டாரு. 'அதுக்குத் திருப்பிவிடு மவளே, எனக்கு வேணாம். அது வெந்தா நான் போயிருவேன்'னாரு. வேர்த்துக் கொட்டுச்சு அவருக்கு. நான் விசிறிக்கிட்டே உக்காந்திருந்தேன், கட்டுப்போட்ட கையால. 'லஃப்தாகிட்டச் சொல்லாத, எனக்காக வாங்குனானேன்னு வருத்தப்படுவான்'னு சொன்னாரு. அதான் நீங்க வர்றதுக்குள்ள கட்டில் பக்கமே திருப்பி வெச்சிருவேன்."

வெளியே ஓடிவருகிற காலடிகள் கேட்டன, இரண்டு பக்கமிருந்தும். தெருப்பக்கம் சப்தி, "எங்கண்ணன் மேல கை பட்டுச்சு, ஒருத்தன் உசுரோட போகமாட்டீங்க!" என்று கத்தினான். வண்டியிலிருந்து எடுத்த துப்பாக்கியின் பூட்டை இழுத்துவிடுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பதிலாக லஃப்தாவின் ஆட்கள் பக்கமிருந்து இன்னும் இரண்டு, மூன்று. சையித் நிஃமா யாரையோ பெயர் சொல்லி நிறுத்தப் பார்த்தார். அவர் குரலை யாரும் கேட்கிற நிலையில் இல்லை.

தெரு ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. மூலையில் கூலர், கிழவர் போன நாளிலிருந்து யாரும் திருப்பாமல், இன்னும் அப்படியே, இன்வெர்ட்டர் இருந்த காலி ஸ்டூலைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது. லஃப்தா அதைப் பார்த்தான். துப்பாக்கியை ஜாசிப்பின் வாயிலிருந்து எடுக்காமலே இடது கையை நீட்டினான். ஸ்டூலுக்கு நேரே கையை வைத்தான். ஈரக்காற்று விரல்களில் பட்டு, சட்டைக்கை படபடத்தது. பிறகு அந்தக் கையை மெல்ல நகர்த்தி, கட்டிலின் தலைமாட்டுக்குக் கொண்டுவந்து, அப்பாவின் தலையணைக்கு மேலே விரித்துப் பிடித்தான். சட்டைக்கை அசையவில்லை. கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தான், இந்தப் பக்கம், அந்தப் பக்கம். காலடிகள் கதவை நெருங்கிவிட்டன. அவன் இன்னும் உள்ளங்கையை விரித்தபடி அந்தத் தலையணைக்கு மேலே காற்றைத் தேடிக்கொண்டிருந்தான்.